நீலம் துடைத்த கத்திகள்

இதுல ஒண்ணுகூட உயிரோட இல்ல. முப்பத்தாறும் பொணம். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வரிசையா படுக்க வச்சிருக்கான்.

அவள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பிரசவித்த தங்கைக்குத் துணையாகப் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தாள். கையிலிருந்த பையைக்கூட வீட்டுக்குள் வைக்கவில்லை. பக்கத்துச் சந்து வழியாக நேரே பின்னாலிருந்த தகரக் கொட்டகைப் பட்டறைக்கு வந்துவிட்டாள். மேசை மேல் பழைய செய்தித்தாளை விரித்து, அதில் கத்திகளை அடுக்கியிருந்தான் அவள் கணவன். மரப்பிடி, செம்பு ஆணி, கண்ணைக் குத்தும் பளபளப்பு. அந்தப் பளபளப்புதான் அவளுக்கு முதலில் உறுத்தியது. அவள் செய்யும் கத்திகள் இவ்வளவு மினுக்குவதில்லை.

ஒன்றை எடுத்து அதன் வாயில் சின்ன அரத்தை வைத்துத் தள்ளினாள். நல்ல கத்தியென்றால் அரம் கண்ணாடி மேல் நகம் போல வழுக்கிக்கொண்டு ஓடும். இது பிடித்தது. சோப்புக்கட்டியைச் சுரண்டின மாதிரி பொடி உதிர்ந்தது. அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்தது. பதினோராவது கத்தியில் அரத்தைக் கீழே வைத்தாள்.

இரும்புக் கடைகளில் கம்பியும் சட்டமும் அறுக்கிற மெஷினில் பல் மழுங்கிப்போன பிளேடுகளைக் கழற்றி மூலையில் எறிவார்கள். முழ நீளம், நல்ல கனம், பழைய கார்பன் ஸ்டீல். அவள் கணவன் அப்படியொரு கடையில் கம்பி அறுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவன். எட்டு வருடத்துக்கு முன் ஒரு கட்டுப் பிளேடை வீட்டுக்குத் தூக்கி வந்ததிலிருந்து தொடங்கியதுதான் இந்தக் கத்தி வேலை. அந்த இரும்புக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கடினம் ஏற்றித்தான் கம்பெனியிலிருந்து வருகிறது. அதைக் கெடுக்காமல் விட்டால் போதும். பல்லைத் தேய்த்து எடுக்க வேண்டும். மூக்கை வளைத்து, வாயை இறக்க வேண்டும். ஈரத்துணியில் உடம்பைச் சுற்றிவிட்டு, பிடிக்குள் போகும் வாலுக்கு மட்டும் கேஸ் டார்ச்சைக் காட்டி இளக்கி, இரண்டு ஓட்டை போட்டுப் பிடியை அறைய வேண்டும்.

கெடுக்காமல் விடுவதுதான் கஷ்டம். சாணை மெஷினில் வைத்தவுடன் இரும்பில் சூடு ஏறும். முதலில் வைக்கோல் மஞ்சள் தெரியும். அங்கேயே எடுத்துவிட வேண்டும். விட்டால் பழுப்பு, அதற்குப் பிறகு ஊதா, அதற்கும் பிறகு மயில் கழுத்து நீலம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நீலம் வந்த இடத்தில் கடினம் போய் இரும்பு செத்துவிட்டது என்று அர்த்தம். பாலீஷ் சக்கரத்தில் காட்டினால் ஒரு நிமிடத்தில் அந்த நீலம் போய்விடும். போவது நிறம் மட்டும்தான்.

அதனால் அவள் எப்போதும் வெறுங்கையால்தான் பிடிப்பாள். விரல் பொறுக்கவில்லை என்றால் பக்கத்திலிருக்கும் வாளித் தண்ணீரில் ஒரு முக்கு. ஒரு கத்திக்கு அறுபது முக்கு, எழுபது முக்கு. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் காலத்தில் வீட்டில் கையுறை இல்லை, அவ்வளவுதான்.

இப்போது இருந்தது. சாணை மெஷினின் தலைமேல், தடித்த தோலில், புத்தம் புதிய ஒரு ஜோடி.

"வந்ததும் வராததுமா அங்க என்ன பண்றே? குழந்தை எப்படி இருக்கு?" வாசற்படியில் அவள் கணவன் பல் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"குழந்தை நல்லா இருக்கு. இது யாரு வாங்கினது?"

"எது?"

"கிளவுஸு."

"நான்தான் வாங்கிக் குடுத்தேன்." அவனுக்குப் பின்னாலிருந்து அவன் அக்காவின் குரல் வந்தது. புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு, பத்து நாளில் போய்விடுவேன் என்று இரண்டு பெட்டியோடு வந்தவள். பத்து நாள் இரண்டு வருடமாகியிருந்தது. "எந்தம்பி கை வெந்து கொப்புளமாப் போச்சு. பாக்கச் சகிக்கலை. நீதான் தங்கச்சி வீட்ல போய்க் காலை நீட்டிட்டியே, இங்க வேலைய யாரு பாக்கறது?"

"அண்ணி, இதெல்லாம் நீலமாப் போயிருக்கு."

"எங்க நீலம்? கண்ணாடி போட்டுக்கோ. மூஞ்சி தெரியுது அதுல."

"துடைச்சிருக்காரு."

அவன் வாயிலிருந்த நுரையைத் துப்பினான். "பன்னெண்டு நாள்ல முப்பத்தாறு முடிச்சிருக்கேன். நீ இருந்தா எத்தனை முடிச்சிருப்பே? நாலு? அஞ்சு? ஒரு கத்திய வச்சுக்கிட்டு நாள் பூராவும் தண்ணியில முக்கி முக்கி எடுத்துக்கிட்டு, துணி அலசற மாதிரி."

"அரத்தைப் போட்டுப் பாருங்க. பிடிக்குது."

"அரத்தைப் போட்டா பிடிக்கத்தான் செய்யும். அதுக்குத்தான் அரம். வெங்காயம் வெட்டறவன் அரத்தையா கையில வச்சிருக்கான்?"

நாத்தனார் சிரித்தாள். அவனுக்கும் தன் பேச்சு பிடித்துப்போய் முகம் மலர்ந்தது.

அவள் அரத்தைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள். கத்தி விற்கப் போகும் சந்தையில் அவளுக்குப் பிளேடக்கா என்று பெயர். நாள் முழுக்க நாலு வாக்கியம் பேசாதவளுக்கு அந்தப் பெயர் வந்ததை எண்ணி அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

"மத்தியானம் கேண்டீன்ல குடுத்துருவேன். நேத்தே கேட்டாரு," என்றான் அவன்.

அந்தக் கேண்டீன்காரர் ஒரு பெரிய தொழிற்சாலையில் எண்ணூறு பேருக்குச் சமைத்துப் போடுகிறவர். ஏற்கெனவே ஒரு தடவை அவள் செய்த நாலு கத்தியை வாங்கிப் போய், ஒரு வருடம் கழித்தும் வெட்டுது என்று ஆள் மேல் ஆளாகச் சொல்லி அனுப்பியவர். முப்பத்தாறு வேண்டும் என்று அவர் கேட்டபோது அவள் மூன்று மாதம் என்றாள். ஒரே மாதம் என்று அவன் ஒத்துக்கொண்டு வந்தான்.

தடுத்திருக்கலாம். பிறகு அவள் அதைப் பலமுறை நினைத்துப் பார்த்தாள். அவன் கத்திகளைச் சாக்கில் போட்டு வண்டியில் கட்டும்போது அவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொள் என்றான், பிடித்துக்கொண்டாள். கேண்டீனுக்கு ஒரு போன் போட்டு, இந்தக் கத்தியை வாங்காதீங்க என்று சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லவில்லை. பயம் என்று தனக்கே ஒரு காரணம் சொல்லிப் பார்த்தாள். பொய். பயந்தவளுக்குச் சோறு இறங்காது. அவளுக்குப் பசிதான் எடுத்தது. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

அவன் ஆட்டம் காணும்படி பிடி அறைந்தால், ஆணியைப் பிடுங்கி மறுபடி அறைந்தவள் அவள். முடியாத தேதிக்கு அவன் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தால், விரல் தோல் உரிய உட்கார்ந்து முடித்துக் கொடுத்தவள் அவள். அவன் யாரிடமாவது எடுத்தெறிந்து பேசிவிட்டு வந்தால், மறுநாள் அந்த ஆள் வீட்டு வாசலில் போய் நின்று, அவர் மனசுல ஒண்ணும் இல்லீங்க என்று சொன்னவளும் அவள்தான். எட்டு வருடமாக ஒட்டுப் போட்டே பழகிய கை. இந்தத் தடவை கிழிந்தது கிழிந்தபடி இருக்கட்டும், ஊர் பார்க்கட்டும். தனக்குள் இந்த எண்ணத்தைக் கண்டுபிடித்தபோது அவளுக்கு ஒரு நிமிடம் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அது ஒரு நிமிடம்தான். பிறகு சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனாள்.

அன்றிலிருந்து அவள் காத்திருந்தாள்.

வெயில் வழக்கத்துக்கு மேல் அடித்தது. சாயங்காலமானால் மேற்கே மேகம் கூடும், தகரம் முணுமுணுக்கும், அப்புறம் ஒன்றுமில்லாமல் கலைந்துவிடும். கொட்டகைக்குள் உட்கார்ந்தால் உச்சந்தலையில் கையை வைத்து அழுத்துவது போலிருக்கும். அவன் காலையில் இரும்புக் கடைக்குப் போன பிறகு அவள் ஒரு பிளேடை எடுத்து வேலையைத் தொடங்கினாள். யாரும் கேட்காத கத்தி. கையுறையை எடுத்து ஒரு பக்கமாக வைத்தாள். இரும்பைச் சக்கரத்தில் வைத்து, பொறி பறக்க ஓர் இழுப்பு. கட்டைவிரல் சுட்டது. வாளி. மறுபடி ஓர் இழுப்பு. சுட்டது. வாளி. தண்ணீர் ஒவ்வொரு தடவையும் 'சுஸ்' என்று ஒரு சின்னச் சத்தம் போடும். அந்தச் சத்தம் பெரிதானால் அவள் தாமதித்துவிட்டாள் என்று பொருள். நாள் முழுக்க அதைப் பெரிதாக விடாமல் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் நாத்தனார் தனியாக ஒரு போர் நடத்திக்கொண்டிருந்தாள். தம்பி செய்ததில் முப்பத்தேழாவது என்று ஒன்று மிஞ்சியிருந்தது. முதல் நாள் அதில்தான் காய் நறுக்கினாள். அதுவும் சும்மா இல்லை, கொட்டகைக்குக் கேட்கும்படி.

"ஆகா, வெண்ணெய் மாதிரி எறங்குது! சில பேருக்கு அடுத்தவங்க செஞ்சா கண்ணு தெரியாது."

இரண்டாம் நாள் சத்தம் குறைந்தது. மூன்றாம் நாள் இவள் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது, நாத்தனார் ஒரு தக்காளியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். கத்தி தோலில் வழுக்கியது. அமுக்கினாள். தக்காளி வெடித்து விதையெல்லாம் ரவிக்கையில் தெறித்தது.

"என்ன பாக்கறே?"

"ஒண்ணுமில்லண்ணி."

"தக்காளி அழுகல். கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"சரிண்ணி."

"சரிங்கறதையும் ஒரு மாதிரியாத்தான் சொல்லுவே நீ. உன் மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதே. எந்தம்பி எப்ப விழுவான், எப்ப கைதட்டலாம்னு ஒக்காந்திருக்கே."

அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். இந்த வீட்டில் தன் மனதைச் சரியாகப் படிக்கிற ஒரே ஆள் தன்னைக் கொஞ்சமும் பிடிக்காதவள் என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கொட்டகைக்குத் திரும்பினாள்.

நான்காம் நாள் மதியம், அவன் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்த நேரத்தில், வாசலில் வண்டி நின்றது. கேண்டீன்காரர் கத்திச் சாக்கைத் தானே தூக்கிக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் சந்து வழியாகக் கொட்டகைக்கே வந்துவிட்டார். கூடவே நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி. கேண்டீனில் காய் நறுக்கும் மேசைக்கு அவள்தான் தலைவி. வலது கையால் இடது கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அந்த இடது கட்டைவிரலில் வெள்ளைத்துணிச் சுற்று எலுமிச்சம்பழம் பருமனுக்கு இருந்தது.

சாக்கு தரையில் விழுந்த சத்தத்தில் நாத்தனாரும் வந்தாள். சோற்றுக் கையோடு அவனும் வந்தான்.

"தம்பி, இது கத்தியா, கரண்டியா?"

"என்னண்ணே ஆச்சு?"

"நீ சொல்லு என்னாச்சுன்னு. முதல் நாள் வெட்டுச்சு. ரெண்டாம் நாள் அறுத்துச்சு. நேத்து ஒரு மூட்டை வெங்காயம், வெட்டலை தம்பி, அடிச்சுக் கொன்னோம்."

"உங்க ஆளுங்க கல்லு மேல வச்சு வெட்டியிருப்பாங்கண்ணே. பலகை போடாம."

"ஆமா, கல்லு மேல வச்சு வெட்டினோம்," என்றாள் மேசைத் தலைவி. "வெட்டினதும் கல்லைத்தான். அதைத்தான் வேக வச்சு எண்ணூறு பேருக்குப் போட்டோம். ஏன் தம்பி, இருபது வருஷமா கத்தி பிடிக்கிறேன், எனக்குப் பலகை எது கல்லு எதுன்னு தெரியாதா? பூசணித் தோல்ல வழுக்கி நேரா விரல்ல எறங்குச்சு. அது மட்டும் நல்லா வெட்டுச்சு."

அவன் சாக்கைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். பிறகு, எதிர்பார்த்தபடியே, அவள் பக்கம் திரும்பினான். எட்டு வருடத்தில் அந்தத் திரும்பலை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். குழந்தை தடுக்கி விழுந்ததும் அழுவதற்கு முன்னால் அம்மா எங்கே என்று தேடுமே, அந்த மாதிரி.

"இவளைக் கேளுங்கண்ணே. கடைசியா ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தது இவதான். சொல்லு, நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்," என்றாள்.

"பாத்தீங்களாண்ணே..."

"அன்னிக்கே செத்துத்தான் இருந்துச்சு. கிளவுஸு போட்டுக்கிட்டுத் தீட்டியிருக்காரு. சூடு ஏறினது கைக்குத் தெரியலை. நீலமாப் போச்சு. போனதைப் பாலீஷ் போட்டுத் துடைச்சிட்டாரு."

சொல்லிவிட்டால் தகரம் இடிந்து தலையில் விழும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் விழவில்லை. அவன் சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றான். நாத்தனார்தான் முதலில் பேசினாள்.

"வெளி மனுஷங்க முன்னால கட்டினவனைக் காட்டிக் குடுக்கறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"நீ கொஞ்சம் இரும்மா," என்று கேண்டீன்காரர் அவளை அடக்கினார். இவளிடம் திரும்பினார். "தெரிஞ்சே ஏம்மா அனுப்பினே?"

அவள் மேசைத் தலைவியின் விரலைப் பார்த்தாள். துணிச் சுற்றின் ஓரத்தில் பழைய ரத்தம் கறுத்திருந்தது. நாலு நாளாகத் தான் எதற்காகக் காத்திருந்தாளோ அது வந்துவிட்டது. வரும்போது இன்னொருத்தியின் கட்டைவிரலைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறது. அவன் விழுவதை மட்டும்தான் அவள் மனதில் ஓட்டிப் பார்த்திருந்தாள். வேறு யாரும் அதில் இல்லை.

"தெரிஞ்சேதாண்ணே அனுப்பினேன்," என்றாள். "அக்கா, அந்த விரல் என்னோட தப்பு. என்னை வையுங்க."

"வைஞ்சா தோல் கூடிடுமா? போம்மா," என்றாள் மேசைத் தலைவி. ஆனால் குரலில் காரம் இறங்கியிருந்தது.

"இத்தனையும் வச்சிட்டுப் போங்க. நான் புதுசா செஞ்சு தர்றேன். மூணு மாசம் வேணும்."

"மூணு மாசம் என் ஆளுங்க பல்லால கடிச்சா போடுவாங்க? நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு எனக்குக் கத்தி வேணும்." கேண்டீன்காரர் குனிந்து சாக்கிலிருந்து ஒன்றை உருவினார். "இரு. செத்துப்போச்சுன்னா என்ன? தீட்டினா வெட்டுமா வெட்டாதா?"

"வெட்டும். ரெண்டு நாளைக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் மறுபடி தீட்டணும்."

"மறுபடி ரெண்டு நாள் வெட்டும்."

"ம்."

அவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்திலிருந்த கோபம் கலைந்து, கணக்குப் போடுகிறவனின் அமைதி வந்து உட்கார்ந்தது. "அப்போ விஷயம் ரொம்ப லேசு. வாரத்துல ரெண்டு நாள் யாராவது வந்து தீட்டிக் குடுத்தா முடிஞ்சுது. இதுக்குப் போயி சாக்கைத் தூக்கிட்டு வெயில்ல வந்தேன் பாரு."

"இவ வருவாண்ணே," என்றான் அவள் கணவன்.

அவ்வளவு வேகமாகச் சொன்னான். தூக்கிப் பிடித்திருந்த சோற்றுக் கை கீழே இறங்கியிருந்தது.

"நீ வந்தா என்ன?"

"எனக்குக் கடை இருக்கேண்ணே. தீட்டற கை இவளுக்குத்தான்."

"அதுவும் சரிதான். நீ வேணாம்பா. நீ கைய வச்சா மிச்சமிருக்கிறதும் கரண்டியாயிடும்." கேண்டீன்காரர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். அவனும் சிரித்தான். நிம்மதியாக, தோள் குலுங்கச் சிரித்தான். நாத்தனார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவன் கெடுத்தது ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. அந்தக் கதையின் பேரிலேயே அவனுக்கு விடுதலையும் கிடைத்துவிட்டது.

"டீ போடறேன், எல்லாரும் உக்காருங்க," என்று நாத்தனார் உள்ளே ஓடினாள்.

அவன் கை கழுவிவிட்டு வந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். டீ வந்தது. யார் எதற்குக் கத்தினார்கள் என்பதே மறந்துபோன மாதிரி நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து, இன்றாவது மழை வருமா என்று பேசினார்கள். அவளுக்கும் ஒரு கிளாஸ் வந்தது. அவள் உட்காரவில்லை. உண்மையைச் சொன்னால் ஏதோ ஒன்று உடையும் என்று நம்பியிருந்தாள். உண்மை இந்த நாலு பேர் நடுவில் டீயில் விழுந்த சர்க்கரை மாதிரி கரைந்துபோனது. வருத்தம்கூட வரவில்லை. சாக்கைப் பார்த்தாள். முப்பத்தாறு. வாரம் இரண்டு முறை. தேய்ந்து தேய்ந்து அவை பிடியோடு தீர்ந்துபோகும்வரை.

"திங்களும் வியாழனும் வச்சுக்கலாமா?" என்றார் கேண்டீன்காரர்.

"தாராளமாண்ணே," என்றான் அவன்.

"சாப்பாடு அங்கயே ஆயிடும். அதுவும் மிச்சம்தானே," என்றாள் நாத்தனார்.

"வாம்மா நீ," என்றாள் மேசைத் தலைவி. அவள் குரலில் உண்மையான பிரியம் இருந்தது. "என் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு வைக்கிறேன். பேசிக்கிட்டே தீட்டலாம். பாவம், நல்ல பொண்ணாத்தான் இருக்கா."

மேசைத் தலைவியிடம் மறுத்துச் சொல்வதுதான் கஷ்டமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் அவளைப் பார்த்தே சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தாள்.

"அப்போ முதல் தடவை நாளைக்கே, விடியறதுக்கு முன்னால வண்டி அனுப்பறேன்." கேண்டீன்காரர் எழுந்தார்.

"வேணாம்க்கா," என்றாள் அவள், மேசைத் தலைவியிடம். "வண்டி அனுப்பச் சொல்லாதீங்க. நான் வரலை."

"வேற நாள் வச்சுக்கறியா?"

"எந்த நாளும் இல்லக்கா."

"சும்மா சொல்றாண்ணே, வருவா," என்றான் அவன், இன்னும் சிரிப்பு மிச்சமிருந்த முகத்தோடு.

"சும்மா சொல்லலை. புதுசா செய்யச் சொன்னா செய்யறேன், மூணு மாசத்துல. இதைத் தீட்ட மாட்டேன். அங்க வந்தும் மாட்டேன், இங்க இருந்தும் மாட்டேன்."

இதற்கு ஒரு பெரிய குரல் தேவைப்படும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாள். தேவைப்படவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டால் போதும் என்கிற குரலிலேயே வந்தது.

"அப்போ யாருதான் தீட்டறது?" என்றாள் நாத்தனார்.

நாலு பேரும் அவளைத்தான் பார்த்தார்கள். அந்தக் கேள்வியை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு கேண்டீன்காரரின் பார்வை மெல்ல நகர்ந்து அவள் கணவன் மேல் போய் நின்றது. அடுத்து மேசைத் தலைவியின் பார்வை. கடைசியில், வேறு வழியில்லாமல், நாத்தனாரும் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் கையிலிருந்த காலி டீ கிளாஸை நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவன் அதை வைக்க ஓர் இடம் தேடினான்.